முன்னறைக்குத் தெரியாதது

புருஷன்மாரிடம் அடிபட்டுத் தப்பி வந்த பெண்களை ஒளித்து வைத்துக் காக்கிற இல்லம் அது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது ஹெப்சிபா டீச்சர். அவளிடம் வேலை படிக்கிறவர் சங்கரபாண்டி, அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மில்லை மூடிவிட்டான் என்று ஐம்பது வயதுக்கு மேல் புதுப் பாடம் படிப்பதென்றால் சும்மாவா? மனுஷன் ரொம்பவே அலுத்துப் போயிருந்தார்.

உள்ளே இருக்கிற எந்தக் கணினியின் முகவரியும் வெளியே தெரியாது. எது போனாலும் வாசல் ரூட்டர் தன் முகவரியைப் போட்டுத்தான் அனுப்பும். அனுப்பியது யாரென்று குறித்துக்கொண்டு, பதில் வந்தால் அங்கே சேர்க்கும். கேட்காமல் வருவதை வாங்காது. உதவி கேட்டு வெளியார் மனுப் போடுகிற சர்வர் மட்டும் தனியாக, ஃபயர்வால் என்கிற இரண்டு காவல் தடுப்புக்கு நடுவில் இருந்தது. உள்ளேயிருந்து போய் மனுக்களை எடுக்கலாம். அதனால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

மனுஷருக்கும் அதே ஏற்பாடுதான். தேடி வருகிறவர்களுக்கு நாலு தெரு தள்ளி, முன்னறை மாதிரி ஓர் அலுவலகம். அங்கே முத்துப்பேச்சி இருப்பாள். அவள் இல்லத்துக்குள் காலே வைத்ததில்லை.

சங்கரபாண்டிக்கு இதெல்லாம் வீண் வேலையாகப் பட்டது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று இரண்டு ஃபயர்வாலிலும் மாற்றி மாற்றி எழுதி மாளவில்லை.

"அந்த சர்வரையும் உள்ளேயே வச்சிட்டா என்ன டீச்சர்? அதுவும் நம்ம மெஷின்தானே?"

டீச்சர் அடுத்த வரியைத் தட்டினாள். அவளுக்கும் அலுப்புத்தான்.

மறுநாள் பேச்சிக்குக் காய்ச்சல். அலுவலகம் பூட்டிக் கிடக்கிறதே என்று சங்கரபாண்டி யாரிடமும் கேட்காமல் போய்த் திறந்து உட்கார்ந்தார். நல்ல எண்ணந்தான், பாவி மனுஷன்.

பதினோரு மணிக்கு ஒருவன் வந்தான். பிள்ளையோடு தப்பி வந்து இல்லத்தில் இருந்த அமலியின் புருஷன். சத்தம் போடவில்லை. குழந்தையின் கவுனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதான். உயிரோடு இருக்காளா, அது ஒன்று தெரிந்தால் போதும் என்றான். சங்கரபாண்டிக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதீங்க தம்பி. தாயும் பிள்ளையும் நல்லாத்தான் இருக்காங்க."

அவன் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து போனான். தாயும் பிள்ளையும் இவர்களிடம்தான் என்று தெரிந்துபோயிற்று; சற்று நேரத்தில் அலுவலகத்துக்கு எதிர்க் கடையில் நாலு பேரோடு நின்றான், யார் எங்கே போகிறார்கள் என்று பார்க்க.

அன்றைக்கே அமலியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஒரு தையல் வேலை கிடைத்து, ராத்திரியில் தூங்க ஆரம்பித்திருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.

வேன் போன பிறகும் சங்கரபாண்டி இல்லத்து வாசலிலேயே நின்றார். வெட்கமும் வேதனையும் அவரைப் பிடுங்கித் தின்றன. டீச்சர் வந்து பக்கத்தில் நின்றாள்.

"பேச்சி யார் அழுதாலும் கூடச் சேர்ந்து அழுகிறவ," என்றார். "ஏழு வருஷமா அவ எப்படி டீச்சர் சமாளிச்சா?"

"அவ ஒண்ணும் சமாளிக்கலை அண்ணாச்சி. உள்ளே யார் இருக்காங்கன்னே அவளுக்குத் தெரியாது."