மடிக்காத இலைகள்

முன்னொரு காலத்தில், ஆற்றுப் பாசனமுள்ள ஒரு நாட்டில், கோபுரத்துக்கு ஆசைப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். பெயர் வச்சிரபாகு. பக்கத்து நாட்டு ராஜா ஐந்து நிலையில் காவல் கோபுரம் கட்டிவிட்டாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு நிலை வேண்டும். கல் இருந்தது. சுமக்கத்தான் ஆள் வேண்டும்.

"ஆளுக்கு என்ன பஞ்சம், மகாராஜா?" என்றார் அமைச்சர் அனந்தராயர். "மண்ணில் முளைப்பதை வைத்துப் பிழைப்பவர்கள் நம் நாட்டில் பெருகிக்கொண்டே போகிறார்கள். ஈரமடையை எடுத்துக்கொள்ளுங்கள். வாழையை நம்பி வாழும் ஊர். போன ஆண்டு அங்கே ஆயிரத்து இருநூறு பேர் வேலை செய்தார்கள். இந்த ஆண்டு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது பேர். ஒரே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் வளர்ச்சி!"

ராஜா பூரித்துப்போனார். அந்த எண்ணைச் செப்புத் தகட்டில் வெட்டி, தம் கையாலேயே முத்திரை குத்தினார். மூன்றில் ஒருவர் கோபுர வேலைக்கு வரவேண்டும் என்று ஈரமடைக்கு ஓலை போயிற்று. கணக்குக்கு எண்ணூற்று எண்பது பேர். ஆடி பிறப்பதற்குள் வரவேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் படை வந்து ஊரையே ஓட்டிக்கொண்டு போகும்.

விகடன் தாண்டவன் அப்போது சபையில்தான் இருந்தான். இருந்தான், அவ்வளவுதான். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து புதிதாக ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. பழையதையே சொன்னான். ராஜா மரியாதைக்குச் சிரித்தார். அனந்தராயர் அந்த மரியாதையையும் செய்யவில்லை. விகடன் இடத்தில் தம் மைத்துனனை உட்கார்த்த நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, தாண்டவன் வீட்டுக்கு வாழையிலை கொண்டுவரும் ஈரமடை வெள்ளைத்தாயி, இலைக்கட்டைத் தொப்பென்று வாசலில் போட்டாள்.

"சாமி, நீங்க ராசாகிட்ட பேசுற ஆளுதானே? எங்க ஊர்ல வேலைக்குப் போறவங்க மொத்தமே முந்நூத்திப் பத்துப் பேரு. எண்ணூத்தி எண்பது கேட்டா எங்க போறது? மிச்சத்தை வாழையா ஈனும்?"

"பின்னே ரெண்டாயிரத்து அறுநூறு எங்கேயிருந்து வந்துச்சு?"

"பானையிலேருந்து. அமைச்சர் ஆளுங்க பானையோட வந்தாங்க. இலை அறுக்கிறவங்க ஆளுக்கொரு புளியங்கொட்டை போடுங்கன்னாங்க. போட்டேன். நார் கிழிக்கிறவங்கன்னாங்க. கிழிக்கிறதும் நான்தானே? போட்டேன். பூ ஒடிக்கிறவங்க, தண்டு வெட்டுறவங்க, தொன்னை தைக்கிறவங்க... ஒன்பது பானை சாமி! ஒண்ணு ரெண்டு பானையை விட்டவங்க கொஞ்சம் பேருதான். கடைசியில கையில இருந்த கொட்டை தீந்துபோச்சு. அவங்களே ஒரு பிடி அள்ளிக் குடுத்தாங்க, நல்ல மனுசங்க."

"போன வருசம் எத்தனை பானை?"

"நாலு."

தாண்டவனின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. அசைந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சிரிக்காதீங்க சாமி. ஆடிக் காத்துக்கு முன்னால ஒவ்வொரு குலைக்கும் கம்பு நட்டு முட்டுக் குடுக்கணும். ஆளுங்களை ஓட்டிட்டுப் போனா ஒரே காத்துல தோப்பு படுத்துரும். அப்புறம் நாங்க எதைத் திங்கிறது, புளியங்கொட்டையையா?"

அவள் போய்விட்டாள். தாண்டவன் யோசித்தான். முத்திரை குத்திய எண்ணைப் பொய் என்பவனுடைய நாக்கை அறுப்பது அந்த நாட்டுச் சட்டம். நாக்குப் போனால் விகடனுக்கு மிஞ்சுவது தலைப்பாகைதான்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தான். கை பழக்கத்தில் இரண்டு இலை போட்டது. தன் இலையில் பரிமாறிக்கொண்டான். சாப்பிட்டான். மடித்தான். எதிர் இலை விரித்தபடி கிடந்தது. எட்டு மாதமாக இப்படித்தான். போடுவது இரண்டு, மடிப்பது ஒன்று. மற்றதை மாட்டுக்குப் போட்டுவிடுவான். அன்று அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

"மகாராஜா, தகட்டில் உள்ள எண் தங்கமான எண்" என்றான். "ஆனால் ஒரு குறை. அரச வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் விருந்து வைப்பது நம் வழக்கம். எண்ணூற்று எண்பது பேருக்கு மட்டும் வைத்தால் மற்றவர்கள் முகம் வாடும். தகட்டில் உள்ள அத்தனை பேருக்கும் இலை போடவேண்டும். எண்ணியவர் அமைச்சர். அவரே பந்தி விசாரித்தால் அழகாக இருக்கும்."

ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. அனந்தராயர் மீசையைத் தடவினார்.

"நடக்கட்டும். இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது இலைக்கு ஓர் ஆள் குறைந்தாலும் ஊரார் ஒளிந்துகொண்டார்கள் என்று பொருள். அப்போது விகடன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு முதல் கல்லைச் சுமக்கட்டும்."

"சுமக்கிறேன். மடிக்காத இலை கிடந்தால்?"

"கிடந்தால் அத்தனையையும் நானே மடிக்கிறேன்!" என்றார் அனந்தராயர். சபை சிரித்தது.

விருந்து நாள். அரண்மனை முற்றத்தில் ஒன்பது வரிசை. பானைக்கு ஒரு வரிசை, கொட்டைக்கு ஓர் இலை. தாண்டவன்தான் வரிசை பிரித்துக் கொடுத்தான். ஈரமடைக்காரர்கள் வந்தார்கள். இலை அறுப்போர் வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த வரிசை நிறைந்தது. மற்ற எட்டும் வெறிச்சென்று கிடந்தன.

அனந்தராயர் வரிசை வரிசையாக ஓடினார். "நார் கிழிப்போர் எங்கே? தொன்னை தைப்போர் எங்கே? விகடா, கல் தயாராக இருக்கிறது!"

"இங்கதான் இருக்கோம் சாமி" என்றாள் வெள்ளைத்தாயி, முதல் வரிசையிலிருந்து. "செத்த பொறுங்க, பாயசத்தை முடிச்சுட்டு அங்க வர்றோம்."

முடித்தார்கள். இலையை மடித்தார்கள். கை கழுவினார்கள். எழுந்து அடுத்த வரிசையில் உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை.

"ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டார் ராஜா.

வெள்ளைத்தாயி எழுந்து கும்பிட்டாள். "நார் கிழிக்கிறவளாச் சாப்பிடத்தான் உக்காந்தேன், ராசா. இலை அறுத்தவ வயித்துல இடமில்லேங்கிறாளே!"

ராஜாவின் புருவம் உயர்ந்தது. "நீ எத்தனை பானையில் கொட்டை போட்டாய்?"

"ஒன்பதுலயும். பானைக்கு ஒண்ணுன்னு சொன்னாங்க. நான் ஏமாத்தலை ராசா."

"மடித்த இலைகளை எண்ணச் சொல்லுங்கள், மகாராஜா" என்றான் தாண்டவன்.

எண்ணினார்கள். முந்நூற்றுப் பதினொன்று.

"அதில் ஒன்று அடியேனுடையது. தண்டு வெட்டுவோர் வரிசை காலியாக இருந்தது, பசித்தது."

"அப்படியானால் இந்த வளர்ச்சி?" என்றார் ராஜா.

"வளர்ந்தது பானை, மகாராஜா. போன ஆண்டு நாலு. இந்த ஆண்டு ஒன்பது. இதே வேகத்தில் போனால் ஈரமடைக்கு எப்படியோ, குயவர் தெருவுக்கு நல்ல காலம்."

அனந்தராயர் பாய்ந்து வந்தார். "கேட்டீர்களா! தகட்டைப் பொய் என்கிறான்! நாக்கை அறுக்க உத்தரவிடுங்கள்!"

"பொய் என்று யார் சொன்னது?" தாண்டவன் மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து ராஜாவின் காலடியில் அவிழ்த்தான். புளியங்கொட்டைகள் உருண்டன. "தகடு கொட்டையை எண்ணியது. அந்த எண் சுத்தமாகச் சரி. மூன்றில் ஒன்று கேட்டீர்கள். இதோ, எண்ணூற்று எண்பது. ஒன்றுகூடக் குறையாது. கல்லைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், சுமக்கட்டும்."

ராஜா குனிந்து ஒரு கொட்டையை எடுத்தார். பார்த்தார். அதன் மேல் கல்லை வைத்துப் பார்ப்பதுபோல் விரலால் அழுத்தினார். அப்புறம் வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது.

ஓலை அங்கேயே கிழிபட்டது. ஈரமடைக்காரர்கள் முட்டுக்கம்புகளுக்கு வேலை இருக்கிறது என்று அப்போதே கிளம்பினார்கள். மிஞ்சிய சோற்றை நகரத்தார் அண்டாவோடு தூக்கிப் போனார்கள். அனந்தராயர் இரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தொன்பது இலைகளையும் குனிந்து குனிந்து மடித்தார். மைத்துனன் கூடமாட உதவ வந்தான். ராஜா அவனை உட்கார்த்தி வேடிக்கை பார்க்கச் சொன்னார்.

"தாண்டவா" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ விகடன். இன்று பந்தியும் பிரித்தாய். கணக்கும் பார்த்தாய். மூன்று வேலை. மூன்று பரிசு கேட்பாய், இல்லையா? வயிறு ஒன்றுதானே? ஒரு பரிசுதான்!"

தம் வேடிக்கைக்குத் தாமே மறுபடி சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். இந்தத் தடவை தாண்டவனும் சிரித்தான். மரியாதைக்கு அல்ல.

அது முதல் அந்த நாட்டில் ஆள் எண்ண வேண்டுமென்றால் பந்தி போட்டு, மடித்த இலையை எண்ணுவார்கள். ஆடிக் காற்று வந்தது, போனது. ஈரமடைத் தோப்பு நின்றது.

ஆடி முடிந்த அடுத்த வாரம் வெள்ளைத்தாயி இலைக்கட்டோடு வந்தாள்.

"சாமி, வேளைக்கு ரெண்டு இலைன்னு கட்டிக்கிட்டு வர்றேன். இனிமே ஒண்ணொண்ணாக் கட்டட்டுமா?"

தாண்டவன் கொஞ்சம் யோசித்தான்.

"ரெண்டாவே கட்டு தாயி. ஒண்ணை மாடு திங்குது. அதுக்கும் ஒரு வயிறு இருக்குல்ல?"