கழுதைப்புலியின் துருத்திய பல்

வேலங்காட்டில் வலியன் என்றொரு கழுதைப்புலி இருந்தான். எருமையின் தொடை எலும்பை ஒரே கடியில் நொறுக்குவான். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். ஆனால் அவன் வாயில் இருந்த ஒரு பல் மட்டும் அவனுக்கு அடங்கவில்லை. மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. வாயை மூடினால் கீழுதட்டைக் குத்தும். புண் ஆறுவதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடு வந்துவிடும். சரியாகச் சாப்பிட முடியாமல் அவன் மெலிந்துகொண்டே போனான்.

குளத்தின் மேல் சாய்ந்த ஈச்ச மரத்தில் சின்னி என்ற தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தாள். நார் வேலையில் கெட்டிக்காரி. கீரிக்கும் குரங்குக்கும் பல் கட்டி நேராக்கியவள்.

"தங்கச்சி, இந்தப் பல்லை உள்ளே இழுத்துவிடு!" என்றான் வலியன்.

சின்னி மெல்லிய நார் ஒன்றை எடுத்து, கோரைப்பல்லைக் கடைவாய்ப் பற்களோடு சேர்த்துக் கட்டினாள்.

"இவ்வளவுதானா? இழுக்கிற மாதிரியே தெரியவில்லையே!"

"அப்படித்தான் இருக்க வேண்டும், அண்ணே! பல் என்ன, எலும்பில் அறைந்த ஆணியா? இரண்டுக்கும் நடுவே ரத்தம் ஓடுகிற சவ்வு இருக்கிறது. பல் லேசாக அழுத்தினால், அந்தப் பக்கத்து எலும்பை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வழிவிடும். பல் விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு கட்டிக்கொள்ளும். எட்டு மாதம் ஆகும்."

ஒரு மாதத்தில் பல் எள்ளளவு நகர்ந்தது. வலியன் நாக்கால் தடவிப் பார்த்தான். சந்தோஷத்தில் கணக்குப் போட்டான். 'இந்த நூலுக்கே ஓர் எள் என்றால், பத்து மடங்கு இழுத்தால் பத்து எள்! இந்தக் குருவிக்குப் பலம் இல்லை. அதனால்தான் எட்டு மாதம் கேட்கிறாள்!'

நேரே காட்டுப்பன்றி கொம்பனிடம் போனான். கொம்பன் நாரை அறுத்துவிட்டு, கோரைப்பல்லையும் கடைவாய்ப் பற்களையும் முரட்டுக் கொடியால் சேர்த்துக் கட்டி, இடையில் குச்சியைக் கொடுத்து முறுக்கினான்.

"வலிக்கிறதா மச்சான்?"

"உயிர் போகிறது!"

"அப்படியானால் நன்றாக வேலை செய்கிறது!" என்று இன்னும் இரண்டு சுற்று முறுக்கினான் கொம்பன்.

வலியன் ஒரு மாதம் தவளையை விழுங்கிக்கொண்டு படுத்துக் கிடந்தான். கேட்டவர்களிடமெல்லாம், "பல் ஓடுகிறது!" என்றான். மாதம் முடிந்ததும் குளத்துத் தண்ணீரில் வாயைத் திறந்து பார்த்தான். கோரைப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. கடைவாய்ப் பற்கள்தான் முன்னால் சாய்ந்திருந்தன!

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சின்னியிடம் வந்தான். "கொடி தானாகச் சுற்றிக்கொண்டது, தங்கச்சி."

"முடிச்சையும் தானாகப் போட்டுக்கொண்டதா, அண்ணே?" என்றபடி சின்னி கொடியை அவிழ்த்தாள். "இழுத்த இழுப்பில் கோரைப்பல்லின் சவ்வு நசுங்கி ரத்தமே நின்றுவிட்டது. ரத்தம் போகாத இடத்தில் எலும்பை யார் கரைப்பது? கடைவாய்ப் பற்களுக்கு அந்த இழுப்பு பங்காகிப் போனதால் அவைதான் நகர்ந்தன. பல் ஆடுகிறது, வேர் நுனி வேறு கரைந்துபோயிருக்கிறது. அது இனி வளராது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பல்லே கழன்று விழுந்திருக்கும்!"

வலியன் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தான். "இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?"

"ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்."

அவன் வாழ்நாளில் அவ்வளவு கடினமான வேலையைச் செய்ததில்லை. புண்பட்ட இடம் தேறும்வரை சும்மா கிடந்தான். பிறகு மறுபடியும் அதே மெல்லிய நார். சாய்ந்த கடைவாய்ப் பற்களையும் நிமிர்த்த வேண்டியிருந்ததால், எட்டு மாத வேலை ஒன்றரை வருடம் ஆயிற்று. பல் வரிசைக்கு வந்தது, உதடு ஆறியது. ஆனால் வேர் குட்டையானதால், அந்தப் பக்கத்தில் எலும்பு கடிக்க அவனால் முடியவில்லை.

பல் நேரான செய்தி காடெங்கும் பரவியது. "எல்லாம் நான் இழுத்த இழுப்பு!" என்றான் கொம்பன். மறுநாளே அவன் புதருக்கு முன்னால் கோணல் பல்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

வலியனுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் வாயைத் திறந்து, "நான் ஏமாந்தது போதும்! இந்தப் பல்லை ஆட்டிப் பாருங்கள்!" என்றான். மரநாய் ஒன்று ஆட்டிப் பார்த்தது, பல் லேசாக ஆடியது. பாதிப் பேர் ஈச்ச மரத்துக்குப் போனார்கள். மீதிப் பேர், "பயந்தாங்கொள்ளி!" என்று அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொம்பனிடம் வாயைத் திறந்தார்கள்.

விடாமல் இழுக்கும் சிறு விசைக்கு எலும்பும் வழிவிடும். அளவு மீறிய பலமோ தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும்.