நாலாம் நம்பர் வீட்டு அட்வான்ஸ்

முதலில் காதில் விழுந்தது மோட்டார் சத்தம்தான். தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ஒரு மாதிரி உறுமும். தண்ணீரில்லாமல் ஓடுகிற மோட்டார் கழுத்தை நெரித்தாற்போல் அலறும். இது இரண்டாவது ரகம். தெருமுனையில் திரும்பும்போதே சோலைமலைக்குக் கேட்டுவிட்டது.

வந்து காம்பவுண்டு கேட்டைத் தட்டினார். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார். ஜெசிந்தா உள்ளேயிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். கேட்டை ஒட்டியிருந்த சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அவர் முகத்தையே பார்த்தாள்.

“எப்பண்ணே வந்தீங்க?”

“அஞ்சு நிமிசம் ஆச்சு தாயி.”

“சத்தம் கேட்டுச்சா?”

“கேக்காம? தெருவே அதிருதே.”

“கம்பிக்குள்ள கைய விட்டா சுவிட்சு எட்டும்.”

“அது என் மோட்டாரா தாயி?” என்றார் சோலைமலை.

அவள் சிரித்தாள். கேட்டைத் திறந்துவிட்டாள்.

சோலைமலை மதுரை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வயது நாற்பத்தொன்பது. ஜெசிந்தா அவருக்குப் பதிமூன்று வயது இளையவள். டைல்ஸ் கடையில் பில் போட்டுப் போட்டே இந்த ஆறு வீட்டுக் காம்பவுண்டை வாங்கியவள். எப்படி வாங்கினாய் என்று கேட்க வந்தவர், ஒரு வருஷமாக வாரலீவு நாளில் வந்துகொண்டே இருந்தார்.

ஓட்டலில் அதற்குக் கேலி. “மாஸ்டர் இந்த வயசுல டியூசன் போறாரு, அதுவும் ஒரு பொம்பளகிட்ட.”

“போறேன்டா. ஒருநாள் வீடு வாடகைக்கு வேணும்னு எங்கிட்டத்தான் வந்து நிப்பீங்க.”

ஜெசிந்தா நடத்திய பாடத்தில் வீடும் இல்லை, மனையும் இல்லை. முதல் நாலு மாசம் கந்துவட்டியை அடைக்க வைத்தாள். அப்புறம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கையில் படாமல் பேங்கில் போட வைத்தாள். ஆறு மாசச் சாப்பாட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்காதவன் பத்திர ஆபீஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது அவள் சட்டம். இப்போது சோலைமலையிடம் அந்த அறுபதாயிரம் சேர்ந்திருந்தது. அதைத் தாண்டி ஒரு ரூபாய் கிடையாது.

“நான் எப்பதான் தாயி வாங்குறது?” என்று அன்றைக்குக் கேட்டேவிட்டார். “பூரா வாழ்க்கையும் அடுத்தவன் கேட்டுல நின்னாச்சு. எனக்குன்னு ஒரு கேட்டு வேணும்.”

ஜெசிந்தா உள்ளே போய் ஒரு சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

“நாலாம் நம்பர் காலியா இருக்குண்ணே. நாலு மாசத்துக்கு நீங்கதான் ஓனரு. வாடகையும் உங்களுக்கு. ரிப்பேரும் உங்களுக்கு.”

“வாங்குறதுக்கு வழி கேட்டா, வச்சுக்கிறதுக்கு வழி காட்டுறியே.”

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே பர்வீன் குடிவந்தாள். நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை. கூட அம்மா மட்டும். வாடகை நாலாயிரம். பத்து மாச வாடகையை அட்வான்ஸாகச் சோலைமலை கையில் கொடுத்தாள். நாற்பதாயிரம். குடிவரும்போது கொடுப்பது, காலி பண்ணும்போது அப்படியே திருப்பி வாங்கிக்கொள்வது. ஊரில் உள்ள வழக்கம்.

சோலைமலை பணக்கட்டை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

“எங்கிட்ட ஏண்ணே நீட்டுறீங்க? ஓனரு யாரு?”

முதல் மாசம் குழாய் போனது. இரண்டாம் மாசம் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க வந்தவன் வாடகையில் பாதியைக் கேட்டான். “நான் ஒரு நாளெல்லாம் அடுப்புல வெந்தாலும் இம்புட்டு வராதேய்யா” என்றார் சோலைமலை. “அப்ப நீங்களே உள்ள கைய விடுங்க” என்றான் அவன். கொடுத்தார்.

மூன்றாம் மாசம் ஒரு நாள் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

“முடிச்சுட்டேன் தாயி! நாலு வீட்டுக் காம்பவுண்டு. டோக்கன் ஒரு லச்சம் குடுத்துட்டேன். மிச்சத்துக்கு லோனு.”

“லச்சம் ஏதுண்ணே?”

“எங்கிட்ட ஒரு அறுபது…” அவர் கண் நாலாம் நம்பர் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நாலாம் நம்பர் கதவு திறந்தது.

“அண்ணே, நீங்களே வந்துட்டீங்க” என்றாள் பர்வீன். “ஞாயித்துக்கெழமை கிளம்புறோம். திருப்பூர்ல வேலை கெடச்சிருச்சு. அங்க வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும். சனிக்கெழமைக்குள்ள என் காசைக் குடுத்துருங்க.”

“என்னம்மா திடீர்னு?”

“கம்பெனிய மூடுறாங்க, கிளம்பிருவோம்னு போன மாசமே சொன்னேன்ல?”

சொல்லியிருந்தாள். ‘பாப்போம்மா’ என்று தலையாட்டிவிட்டு மறந்தவர் அவர்தான்.

“அடுத்த ஆளு வரட்டும்மா. வந்ததும் வாங்கித் தர்றேன். வழக்கம் அதானே.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காலி பண்ணிய வீட்டு அட்வான்ஸ் பதினைந்தாயிரத்துக்காக ஒரு ஓனர் வீட்டு கேட்டில் பதினொரு தடவை நின்றவர் அவர். கேட்டைத் திறக்காமலே அந்த ஆள் சொன்ன வார்த்தை எழுத்துப் பிசகாமல் இதுதான்.

பர்வீன் விடுகிறவளா? “வழக்கமா? நான் என்ன உங்க வழக்கத்துக்கா காசு குடுத்தேன்? தையல் மிசின்ல காலு வீங்க மிதிச்ச காசுண்ணே அது. சனிக்கெழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் உங்க ஓட்டல் அடுப்புக்கு முன்னாடி வந்து உக்காருவேன்.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

சோலைமலை ஜெசிந்தாவைப் பார்த்தார். “கொஞ்சம் பொரட்டிக் குடேன் தாயி.”

“நானா ஓனரு?”

“என்னையச் சோதிக்கத்தானே நீ இவளக் கூட்டியாந்து வச்ச?”

“அப்ப அவ கம்பெனிய மூடுனதும் நாந்தான்” என்றாள் ஜெசிந்தா, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே.

அவர் விறுவிறுவென்று வெளியே போனார்.

நாலு வீட்டுக் காம்பவுண்டை விற்கிறவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். சோலைமலை விஷயத்தைச் சொல்லி டோக்கனைத் திருப்பிக் கேட்டதும் ஊஞ்சலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“மாவு பெசையுற கைக்குப் பத்திரம் எதுக்குன்னு அன்னைக்கே நெனச்சேன். வேணாம்னா இருபத்தஞ்சாயிரம் புடிப்பேன். எழுதியிருக்கு, நீர் கையெழுத்துப் போட்டிருக்கீரு.”

“புடிச்சுக்கங்க. மிச்சத்தக் குடுங்க.”

“கிறுக்காய்யா உமக்கு? வாடகைக்கு இருக்கறவளுக்காகவா? நாலு தடவை நடக்க விடும். தன்னால ஓய்ஞ்சிருவா.”

“நான் பதினொரு தடவை நடந்தேன். ஓயல.”

“அதுனால?”

“அதுனால எடுங்க காச.”

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “இந்தப் புத்தியோட நீரு கடைசி வரைக்கும் ஒரு குச்சு வீடுகூட வாங்க மாட்டீரு!”

சோலைமலை திரும்பினார். “அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன் பாப்போம்” என்றுவிட்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமையே பர்வீனிடம் நாற்பதாயிரத்தையும் கொடுத்தார். அவள் இரண்டு தடவை எண்ணினாள். ‘மன்னிச்சுக்கங்கண்ணே’ என்றும் சொல்லவில்லை, ‘நன்றி’ என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மினி லாரி வந்து அவளையும் அம்மாவையும் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த லீவு நாளில் சோலைமலை நாலாம் நம்பர் வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, புருவமெல்லாம் வெள்ளை. ஜெசிந்தா நிலைப்படியில் வந்து நின்றதும் பிரஷ்ஷை வாளியில் போட்டார்.

“இந்த வெள்ளையோட என் ஓனர் வேலை முடிஞ்சுச்சு தாயி.”

“நாலு மாசம் ஆகலையேண்ணே.”

“அடுத்தவ காச எடுத்து டோக்கன் கட்டுனவனுக்கு எதுக்கு ஓனரு பட்டம்? இருபத்தஞ்சாயிரம் போச்சு. அறுபதுல முப்பத்தஞ்சுதான் நிக்குது. மறுபடி மொதல்லருந்து.”

“ம்.”

“அதுக்காக விட்டுருவேன்னு நெனக்காத. வாங்கத்தான் போறேன். அறுபது வயசானாலும் வாங்குவேன். அந்தாளு ஊஞ்சல்ல உக்காந்து பாக்கத்தான் போறான்.” சொல்லச் சொல்ல அவர் குரல் காலி வீட்டில் முட்டித் திரும்பியது. பிறகு தாழ்ந்தது. “ஆனா நெசமாச் சொல்லு தாயி. நான் தேறுவனா?”

ஜெசிந்தா ஈரம் படாத இடமாகப் பார்த்துச் சாய்ந்துகொண்டாள்.

“காலைல எதுத்த வரிசை ஓனருங்க மூணு பேரு சண்டைக்கு வந்தாங்கண்ணே.”

“எதுக்கு?”

“உங்களாலதான். ‘உன் பரோட்டாக்காரன் வீடு காலியாகுறதுக்கு முன்னாடியே அட்வான்சத் திருப்பிக் குடுத்துட்டானாமே. இப்ப எங்க வாடகைக்காரங்க எல்லாம் எங்க சட்டையப் புடிக்குறாங்க. சொந்தமா ஒரு செங்கல்லு இல்லாத பயலுக்கு எதுக்கு இந்த வேலை’ன்னு ஒரே கத்தல்.”

சோலைமலையின் தாடையிலிருந்து சுண்ணாம்பு ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

“நீ என்ன சொன்ன?”

“‘இப்பவே பழகிக்கங்க. அவரு வாங்குனா இந்தத் தெருவுலதான் வாங்குவாரு’ன்னேன்.”

சோலைமலை குனிந்து வாளியைக் கலக்கினார். பிரஷ்ஷை முக்கி, விளிம்பில் வழித்து, ஏணியில் ஏறினார். சமையற்கட்டுச் சுவர் இன்னும் பாக்கி இருந்தது.