பொதுமக்கள் சார்பில் ஒரு மனு

இருதயராஜ் தபால் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுச் சட்டம் படித்தவர். ஐம்பத்தெட்டு வயதில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, மதுரையில் வழக்கறிஞர் ஆவுடையம்மாளிடம் ஜூனியராகச் சேர்ந்தார். சீனியருக்கு அவரைவிட ஏழு வயது குறைவு. சிரித்தவர்கள் சிரித்தார்கள். இருதயராஜ் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் தனியாக எழுதிய முதல் பொதுநல வழக்கு அது. ஒரு கடற்கரை ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து மீன் விற்கிறார்கள். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. பொதுமக்கள் நலன் கருதி அவர்களை அப்புறப்படுத்த வேண்டும். மனுதாரர் தனபாண்டியன், ஊர் நலச் சங்கத் தலைவர்.

ஆவுடையம்மாள் நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"'இவ்வழக்கில் எனக்குச் சொந்த நலன் ஏதும் இல்லை.' இது நிஜமா சார்?"

இருதயராஜுக்குப் பொய் சொல்ல வராது. "அதே தெருவில அவர் மச்சினன் ஏசி மீன் கடை திறக்கப் போறார் மேடம், ஆவணியில. அவரேதான் சொன்னார். அந்த வரி எல்லா மனுவிலயும் போடுறதுதானே?"

"ம்."

"ஆனா நாத்தம் நிஜம் மேடம். போட்டோவில பார்த்தேன்."

"நாத்தத்தைப் போட்டோவில பார்த்தீங்களா?"

இருதயராஜ் நெளிந்தார். ஆனாலும் விடவில்லை. "கேக்குறது நியாயமா இருந்தா, கேக்குறவர் யாரா இருந்தா என்ன மேடம்?"

சீனியர் மனுவை மூடி வைத்தார். "இடத்தைப் பார்த்துட்டு வாங்க. மீன் வாங்குறவரா போங்க."

போனார். நாற்றம் நிஜம்தான். மிக்கேலம்மாள் என்ற வயதான பெண்ணிடம் கால் கிலோ சாளை வாங்கினார்.

"இந்த நாத்தத்துல எப்படிம்மா உக்காந்திருக்கீங்க?"

"மீன் நாத்தமா இது? பின்னால பாருங்க அய்யா. வாறுகால் அடைச்சுச் சாக்கடை தேங்கி மூணு வருசமாச்சு. மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு. கோர்ட்டுக்குப் போனா நடக்குமாம். அங்க நமக்கு யாரைத் தெரியும்?"

"இந்த இடம் இல்லைன்னா?"

"கூடையைத் தூக்கிட்டுத் தெருத் தெருவா அலையணும். என் முட்டு தாங்காது. பேரப்புள்ளைங்க ரெண்டும் என் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு." சொல்லிக்கொண்டே இரண்டு மீனைக் கூடுதலாகப் போட்டாள்.

தான் வக்கீல் என்று சொல்ல இருதயராஜுக்கு நாக்கு எழவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் சீனியரிடம் ஒப்பித்தார். ஆவுடையம்மாள் பேனாவை எடுத்தார். மனுவில் கேட்டிருந்ததை அடித்துவிட்டு, சாக்கடையைத் தூர் வார வேண்டும், விற்பவர்களுக்குக் கூரையும் தண்ணீர்க் குழாயும் அமைத்துத் தர வேண்டும் என்று எழுதினார். சொந்த நலன் இல்லை என்ற வரியை அடித்துவிட்டு, மைத்துனர் கடையைப் பற்றி எழுதினார்.

"இப்படிக் கேட்டா நாத்தம் போயிரும்ல சார்?"

"போயிரும் மேடம்."

"அப்ப கையெழுத்து வாங்குங்க."

தனபாண்டியன் வந்தார். படித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"என்ன மேடம் இது? அவளுகளுக்குக் கூரை போடவா நான் கோர்ட்டுக்கு வந்தேன்?"

"நாத்தம் போகணும்னு வந்தீங்க."

"மதுரையில வக்கீலுக்கா பஞ்சம்?" என்று சிரித்துவிட்டு, முதலில் எழுதிய மனுவும் இருந்த வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

பதினைந்து நாளில் வேறொரு வக்கீல் வழக்கை எடுத்துத் தாக்கல் செய்துவிட்டார். நீதிமன்றத்தில் பிரதியைப் பார்த்த இருதயராஜ் பதறிப்போய் வந்தார். அவர் முதலில் எழுதியது ஓர் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. எதிர்மனுதாரர்கள் கலெக்டரும் நகராட்சி ஆணையரும். மீன் விற்பவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர் எழுதும்போதும் அது இல்லைதான்.

"திங்கக்கிழமை விசாரணைக்கு வருது மேடம். அவங்களுக்கு நோட்டீஸ்கூடப் போகாது. அப்புறப்படுத்த நகராட்சி லாரி வந்து நிக்கும்போதுதான் தெரியும். நான் போய் அந்தம்மாகிட்ட வக்காலத்து வாங்கிட்டு வரேன். அவங்களுக்காக நான் நிக்கிறேன்."

"நிக்க முடியாது சார். தனபாண்டியனுக்காக எழுதினவர் நீங்க, திருத்தினவ நான். அதே வழக்குல நாம எதிர்ப்பக்கம் போகக் கூடாது."

விதி அவருக்குத் தெரியும். அவசரத்தில் மறந்திருந்தார்.

"மச்சினன் கடை விஷயத்தையாவது நீதிபதிகிட்டச் சொல்லலாமே?"

"கட்சிக்காரர் நம்மை நம்பிச் சொன்னது. வெளிய சொல்லக் கூடாது."

இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். மிக்கேலம்மாளின் முகம் கண்ணில் நின்றது. "அப்ப அவங்களுக்கு யார் மேடம் இருக்கா?"

ஆவுடையம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"மனசார நிக்க ஒரு வக்கீல் இருந்தார் சார். தனபாண்டியன் அவர்கிட்ட முந்தி வந்துட்டார்."