அழிக்கும் முன் ஒரு போன் நம்பர்

பல ஊர்க்காரர்கள் சம்பளம் இல்லாமல் சேர்ந்து எழுதும் ஓர் இயங்குதளம். கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் டிரைவர் நிரல்களை அதில் பராமரித்து வந்தவள் நறுமுகை. அவளிடம் தொழில் கற்க வந்த அந்தோணிராஜ் அவளைவிட வயதில் மூத்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு காலையில் அவர் கொதித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இந்தப் பழைய கார்டோட டிரைவரை அழிச்சிடலாம். இல்லேன்னா என்னை விட்டுடுங்க, நான் போறேன்."

"காபி குடிச்சீங்களா?"

"பேச்சை மாத்தாதீங்க. கார்டைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லை. சோதிச்சுப் பார்க்க நம்மகிட்ட ஒரு கார்டுகூட இல்லை. ஆனா எவனோ ஏவிவிட்ட ஏஐ தினமும் நம்ம நிரலைப் படிச்சு, இங்கே பிழை, அங்கே பிழைன்னு குவிக்குது. மெஷின் புகார் சொல்லுது, மனுஷன் உட்கார்ந்து திருத்தறேன். யாருக்காக?"

"யாருமே வச்சிருக்கலைன்னு எப்படித் தெரியும்?"

"நம்ம வழக்கப்படி மெயில் போட்டுக் காத்திருந்தேன். நீக்கப் போறோம், மறுப்பு இருந்தா சொல்லுங்கன்னு. ஒருத்தர் வாயைத் திறக்கலை."

"நெட்வொர்க் செத்துப்போனவங்க எப்படிண்ணே மெயில் போடுவாங்க?"

அந்தோணிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அழிக்கலாம்," என்றாள் நறுமுகை. "ஆனா அடுத்த பதிப்புல. இந்தப் பதிப்புல ஒரே ஒரு வரி சேருங்க. அந்தக் கார்டு இருக்கிற கணினியைத் திறந்தா திரையில வரட்டும்: 'இந்த டிரைவர் நீக்கப்படும். வேண்டும் என்பவர்கள் பேசவும்.' கீழே உங்க போன் நம்பர்."

"என் நம்பரா?"

"யாருக்காகன்னு கேட்டது நீங்கதானே?"

முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

மழைக்காலம் முடிந்தது. அழிக்கும் நாள் நெருங்கியபோது ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"அழிக்கப் போறேன்னு எழுதிவச்ச ஆளு நீங்கதானா?"

பேசியவள் சுலைகா. கரூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. கலர் அளக்கும் கணினி மாடியில் இருந்தது. சாயம் கலக்கும் மெஷின் கீழே.

"போன வருஷம் புதுப் பதிப்பு ஏத்தினாங்க. அன்னிலேர்ந்து மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒவ்வொரு கலருக்கும் பென்டிரைவைத் தூக்கிட்டு நான் படி இறங்கறேன். என் முட்டியைக் கேளுங்க, கதை கதையாச் சொல்லும்."

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்ட? பழைய மெஷின்னா அப்படித்தான்னாங்க. நேத்து மறுபடி புதுசு ஏத்தினாங்க. இப்பத்தான் திட்டறதுக்கு ஒரு நம்பர் கிடைச்சிருக்கு."

போன வருடம் அந்த டிரைவரில் ஏஐ காட்டிய பிழையைத் திருத்தியவர் அந்தோணிராஜ். கார்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல்.

மறுநாளே கரூருக்குப் பஸ் ஏறினார். கார்டை ஊமையாக்கியிருந்த தன் திருத்தத்தைத் திருத்தினார். கார்டின் பின்னால் பச்சை விளக்கு மினுங்கியது. கீழே மெஷின், யாரும் படி இறங்காமலே, மாம்பழ மஞ்சளைக் கலக்கத் தொடங்கியது.

சுலைகா மாடியில் உட்கார்ந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

"இனிமே இதுல கைவைக்கிறதா இருந்தா முதல்ல எனக்கு அனுப்புங்க," என்றாள். "ஓடுதா இல்லையான்னு நான் சொல்றேன். அப்புறம் ஊருக்கெல்லாம் அனுப்புங்க."

அந்தோணிராஜ் திரும்பி வந்தார்.

"டீச்சர், சோதிக்க ஒரு கார்டு கிடைச்சிருச்சு. சொல்றதுக்கு ஆளும் கிடைச்சிருச்சு. இந்த டிரைவரை இனி நானே பார்த்துக்கறேன்."

"போறேன்னீங்களே?"

"கேலி பண்ணாதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். இதே மாதிரி பழைய டிரைவர் இன்னும் எத்தனையோ கிடக்கு. அப்ப எதையுமே அழிக்கக் கூடாதா?"

"யார் சொன்னா? தாராளமா அழிங்கண்ணே," என்றாள் நறுமுகை. "ஒவ்வொண்ணுலயும் உங்க நம்பரைப் போட்டுட்டு."