விடைக்குறிப்பில் நிற்கும் பாலம்

மருதங்கோட்டையில் அரசாங்க உத்தியோகம் என்றால் சும்மாவா? அதற்கென்று ஒரு பெரிய தேர்வு உண்டு. அதில் எல்லாரையும் குப்புறத் தள்ளுவது 'நடப்பு நிகழ்வுகள்' தாள்தான். அண்டை நாட்டு ராணி வளர்க்கிற கிளிக்கு என்ன பெயர், எந்த ஊர்ப் பட்டத்து யானைக்குப் போன மாதம் விருது கிடைத்தது என்று கேட்டே பிராணனை வாங்குவார்கள்.

கேள்வி தயாரிப்பவர் அமைச்சர் கச்சிராயர். பயிற்சிப் பள்ளி நடத்துபவர் அவருடைய மைத்துனர். பொருத்தம் எப்படி! அங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து உருப்போடுவார்கள். ஒருநாள் பக்கத்துக் கூரை பற்றிக்கொண்டது. "தீ! தீ!" என்று தெருவே கத்துகிறது. உள்ளேயிருந்து ஒருவன் கேட்டானாம்: "அது பாடத்திட்டத்துல இருக்கா?"

கொண்டலாற்றுக்கு அக்கரையில் கூத்தையன் என்று ஒருவன். பயிற்சிப் பள்ளிக்கெல்லாம் வசதி கிடையாது, தானாகப் படித்தவன். வயது வரம்பு தாண்டப்போகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு. "உத்தியோகம் இல்லாதவனுக்குப் பொண்ணு இல்ல" என்று மாமனாராக வரவேண்டியவர் கையை விரித்துவிட்டார். பெண்ணோ அவனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று சோறு தின்னாமல் கிடக்கிறாள்.

தேர்வுக்கு முன்தினம் கொட்டிய மழையில், ராஜா புதிதாகத் திறந்துவைத்த பாலம் வெள்ளத்தோடு போய்விட்டது. கூத்தையன் என்ன செய்வான்? வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தியே வந்தான். சொட்டச் சொட்ட உட்கார்ந்து தேர்வு எழுதினான். கடைசிக் கேள்வி: 'கொண்டலாற்றை மக்கள் தற்போது எவ்வாறு கடக்கின்றனர்?'

அவன் எழுதிய விடை ஒரே சொல்: 'நீந்தி.'

மற்றவர்கள் அத்தனை பேரும் உருப்போட்டபடி எழுதினார்கள்: 'மாமன்னர் பூதலராயர் திறந்துவைத்த பாலத்தின் வழியாக.' அதுதான் சரியென்று திருத்தினார்கள். கூத்தையன் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றுப்போனான்.

ராஜாவுக்குப் பேச்சுத் துணையாக அவையில் மூக்காண்டி என்று ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் வம்பு. கூத்தையன் போய் அவர் காலில் விழுந்தான். மூக்காண்டி அவனைக் கையோடு அவைக்கு இழுத்து வந்துவிட்டார்.

"அமைச்சரே, பாலம்தான் போயிடுச்சே. இவன் எழுதுனது சரிதானே?"

"பாலம் போனது எனக்கும் தெரியும்" என்றார் கச்சிராயர். "ஆனால் விடைக்குறிப்புக்கு ஆடி மாதமே அரச முத்திரை வைத்தாயிற்று. அதில் பாலம் இருக்கிறது. எனவே பாலம் இருக்கிறது."

ராஜா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சங்கடமா இருக்கே மூக்காண்டி. விடையை மாத்தினா, என் முத்திரை பொய் சொல்லுச்சுன்னு ஆகிடாதா?"

கூத்தையனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்காண்டியோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சிவ சிவா! முத்திரையாவது பொய் சொல்றதாவது! பாலம் இருக்கு மகாராஜா. நான்தான் மடையன். சரி, தேர்வானவங்களை எங்கே நியமிக்கப்போறீங்க?"

"எங்கே நியமிக்கலாம்?"

"அக்கரையில மணியக்காரர் இல்லாம சனங்க தவிக்குது. அங்கேயே அனுப்புங்க. அமைச்சர் பல்லக்குல முன்னால போய், புது அதிகாரிகளைப் பணியில அமர்த்துறது நம்ம வழக்கம்தானே? நாளைக்கே நல்ல நாள்."

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியே ஆகட்டும்" என்றார்.

கச்சிராயருக்கு அந்த நிமிடமே வயிற்றுவலி வந்துவிட்டது. அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பாவி மனுஷன்.

மறுநாள் மேளதாளத்தோடு ஊர்வலம் ஆற்றங்கரைக்கு வந்தது. வழியனுப்ப ராஜாவும் வந்திருந்தார். ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. பல்லக்குத் தூக்கிகள் நின்றுவிட்டார்கள்.

"ஏம்பா நின்னுட்டீங்க?" என்றார் மூக்காண்டி.

"தண்ணி போகுதுங்க."

"போனா என்ன? அதுக்கு மேலதான் பாலம் இருக்கே. முத்திரை போட்ட பாலம்! தைரியமா நடங்க."

தேர்வானவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள், அமைச்சரைப் பார்த்தார்கள். "ஐயா, இது பாடத்திட்டத்துல இல்லையே" என்று ஒருவன் முனகினான். தூக்கிகள் தண்ணீரில் இறங்கினார்கள். முழங்கால் நனைந்தது. இடுப்பு நனைந்தது. பல்லக்குக்குள் தண்ணீர் புகுந்து, அமைச்சர் உட்கார்ந்திருந்த பட்டு மெத்தையும் நனைந்தது.

"ஐயையோ! நிறுத்துங்கடா! பாலம் எங்கடா இருக்கு? அதுதான் வெள்ளத்துல போயிடுச்சே!" என்று ஊரே கேட்க அலறினார் கச்சிராயர்.

மூக்காண்டி கரையிலிருந்து கைதட்டினார்.

"சரியான விடை அமைச்சரே! ஆனா என்ன செய்ய, தேர்வு நேரம் முடிஞ்சுபோச்சே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று சேற்றில் விழுந்தது. சிரித்து ஓய்ந்து நிமிர்ந்தால், அக்கரையில் ஈர வேட்டியோடு கூத்தையன் நின்று கும்பிடு போடுகிறான். எப்போது நீந்திப் போனானோ!

"பணியிடத்துக்கு முதல்ல போய்ச் சேர்ந்தவன் அவன்தான்! அவனே மணியக்காரன்!" என்று இக்கரையிலிருந்தே கத்தினார் ராஜா. தன் விரல் மோதிரத்தைக் கழற்றி மூக்காண்டிக்குப் போட்டார். பாலத்தைத் திரும்பக் கட்டும் வேலை அமைச்சர் தலையில் விழுந்தது. அந்த மாதமே கூத்தையனுக்குக் கல்யாணம் நடந்தது, மாமனாரே ஓடி ஓடிப் பந்தி விசாரித்தார்.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மறுவாரமே மைத்துனரின் பள்ளி வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'நடப்பு நிகழ்வுகளும் நீச்சலும் கற்றுத்தரப்படும். நீச்சல் முழுவதும் மனப்பாடம். தண்ணீரில் இறங்கத் தேவையில்லை.'