மணலில் இறங்கிய தண்டல்

தீவுத் திருவிழாவில் மேளதாளத்தோடு முதல் மரியாதை வாங்கப் புறப்பட்ட ஜமீன் மேனேஜர் தாணப்பர், வள்ளத்தில் கால் வைத்ததுமே அதிகாரத்தை ஆரம்பித்துவிட்டார். வள்ளக்காரன் கஸ்பார் பணிவாகத்தான் சொன்னான்.

"தண்ணி வத்துதுங்க. மணல்திட்டு தட்டும். கடல் ஏத்தம் வரட்டும், தண்ணி ஏறினதும் போகலாம்."

"எனக்கு நீ நேரம் குறிக்கிறியா? இன்னிக்கு இந்த வள்ளத்துக்குத் தலைவன், வள்ளத்தை நடத்துற தண்டல், எல்லாம் நான்தான். பாயை விரி. நடுவழியில நின்னா வள்ளம் ஜமீனுக்கு."

கஸ்பாருக்கு இருந்ததே அந்த ஒரு வள்ளம். பாயை விரித்தான். பாதித் தூரத்தில் வள்ளம் மணலில் உட்கார்ந்தது.

"நின்னுபோச்சு பார்த்தியா?" என்றார் மேனேஜர்.

"இன்னும் நிக்கலைங்க, தட்டியிருக்கு. தட்டினா முதல்ல தண்டல்தான் இறங்கித் தள்ளணும். அவர் இறங்காம மத்தவங்க காலை நனைக்கக் கூடாது. இந்தக் கரை வழக்கம்."

"எங்க மாமனார் தண்டலா இருந்தவரு. காய்ச்சலோட இறங்குவாரு," என்றாள் கூட வந்த மீன்காரி.

மேனேஜர் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். தள்ள வேண்டிய வேலையே இருக்கவில்லை. அவர் கனம் குறைந்ததும் வள்ளம் தானே மிதந்தது.

"கையைக் கொடுடா, ஏறணும்."

கஸ்பார் சுக்கானை விடவில்லை. "ஐயா ஏறினா மறுபடி தட்டும். நின்னுட்டா வள்ளம் ஜமீனுக்குப் போயிருமே. தண்ணி முழங்கால்தான், நடந்து வாங்க. மேளக்காரங்களைக் காத்திருக்கச் சொல்றேன்."